டிஎம்வி கவுண்டரில் வாக்காளர் பதிவு: அமெரிக்கத் தமிழர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் படிவம் 6 நிரப்பிக் கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வந்து விசாரிப்பார். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கு, ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் வாக்காளர் பதிவைப் பற்றிக் கேட்பது விநோதமாகத் தோன்றும். சிலர் திரையைப் படிக்காமலே 'ஆம்' என்று தட்டிவிட்டு வந்து, வாக்காளர் அட்டை தபாலில் வந்த பிறகு பதறுகிறார்கள். வேறு சிலர் குடியுரிமை பெற்றதுமே பெயர் தானாக ஏறியிருக்கும் என்று நம்பி, தேர்தல் நெருங்கும்போது ஏமாறுகிறார்கள். இந்த இரு தரப்பினரையும் மனத்தில் வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. குடிவரவுச் சிக்கல் ஏற்கெனவே உள்ளவர்கள் இதைப் படித்ததோடு நிற்காமல் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

தானியங்கி வாக்காளர் பதிவு என்றால் என்ன?

தகுதியுள்ள குடிமகன் ஓர் அரசு அலுவலகத்துக்கு வேறு வேலையாக வரும்போது, அங்கே அவர் கொடுக்கும் பெயர், பிறந்த தேதி, முகவரி, கையொப்பம் ஆகியவற்றைக் கொண்டே அவரை வாக்காளராகப் பதிவு செய்துவிடும் முறை இது. 'வேண்டாம்' என்று அவர் சொன்னால் மட்டும் பதிவு நடக்காது. முன்பு வேண்டுபவர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. இப்போது வேண்டாதவர் மறுத்து விலக வேண்டும். நடைமுறையில் இந்த அலுவலகம் பெரும்பாலும் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகமே. கலிபோர்னியாவில் அது மோட்டார் வாகனத் துறை, நியூ ஜெர்சியில் மோட்டார் வாகன ஆணையம், ஜார்ஜியாவில் ஓட்டுநர் சேவைத் துறை என்று பெயர் மாறினாலும், நம்மவர்கள் எல்லாவற்றையும் டிஎம்வி என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஓட்டுநர் உரிமத்துக்கும் வாக்குரிமைக்கும் என்ன தொடர்பு?

சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை, வசதிக்காக இணைத்தார்கள். அமெரிக்காவில் எல்லோரிடமும் இருக்க வேண்டிய தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலானோரின் பெயரும் புகைப்படமும் கையொப்பமும் புதுப்பிக்கப்பட்ட முகவரியும் ஒரே இடத்தில் இருப்பது டிஎம்வியில்தான். 1975ஆம் ஆண்டிலேயே மிச்சிகன் மாநிலம், உரிமம் வாங்க வருபவர்களை அங்கேயே வாக்காளராகப் பதிவு செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. அதை நாடு முழுவதற்கும் விரிக்கும் சட்டத்தை 1992இல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் தம் மறுப்பாணையால் தடுத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் பில் கிளின்டன் கையெழுத்திட்டதால் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் பிறந்தது. 'மோட்டார் வோட்டர்' சட்டம் என்று இன்றும் மக்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டம் டிஎம்வி அலுவலர் 'பதிவு செய்து கொள்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும் என்பதோடு நின்றது. கேட்டுவிட்டுப் படிவத்தை நீட்டினால் போதும். கேட்காமலே பதிவு செய்துவிட்டு, வேண்டாதவர் மட்டும் விலகட்டும் என்ற அடுத்த படியை முதலில் எடுத்தது ஓரிகன் மாநிலம். 2015 மார்ச் மாதத்தில் ஆளுநர் கேட் பிரவுன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

எந்தெந்த மாநிலங்களில் இது உள்ளது?

இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஏதோ ஒரு வடிவில் உள்ளது. தமிழர்கள் நிறைய வாழும் இடங்களில் கலிபோர்னியா, நியூ ஜெர்சி, இல்லினாய், ஜார்ஜியா, வாஷிங்டன், மாசசூசெட்ஸ், வர்ஜீனியா, மிச்சிகன், பென்சில்வேனியா ஆகியவை இந்தப் பட்டியலில் அடங்கும். டெக்சாஸ் அடங்காது, அதற்குத் தனியே கீழே பதில் உள்ளது. வடக்கு டகோட்டா ஒரு வேடிக்கையான விதிவிலக்கு: அங்கே வாக்காளர் பதிவு என்பதே கிடையாது, அடையாளச் சான்றோடு போய் வாக்களித்துவிட்டு வரலாம்.

கவுண்டரில் உண்மையில் என்ன நடக்கிறது?

இதை ஊன்றிக் கவனிப்பது நல்லது, ஏனெனில் 'தானியங்கி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட நடைமுறைகள் இருக்கின்றன. எந்த நடைமுறை உள்ள மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே நம் பொறுப்பும் ஆபத்தும் அமைகின்றன.

முதல் வகையில் கேள்வி கவுண்டரிலேயே கேட்கப்படும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, ஜார்ஜியா, பென்சில்வேனியா போன்றவை இந்த வகை. உரிமத்துக்கான விண்ணப்பத்தின் இடையிலோ, கையொப்பமிடும் சிறு திரையிலோ, நீங்கள் அமெரிக்கக் குடிமகனா, வாக்களிக்கத் தகுதியுள்ளவரா என்று கேட்டு, பதிவு வேண்டாமென்றால் மறுக்கச் சொல்வார்கள். பதில் சொல்வதும் உறுதியளித்துக் கையெழுத்திடுவதும் நீங்கள். அலுவலரிடம் நீங்கள் சற்று முன் காட்டிய ஆவணம் இந்தியக் கடவுச்சீட்டாக இருந்தாலும், அந்தத் திரைக்கு அது தெரியாமல் போகக்கூடும்.

இரண்டாம் வகையில் கவுண்டரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஓரிகன், கொலராடோ, அலாஸ்கா ஆகியவை இந்த வகை. அமெரிக்கக் கடவுச்சீட்டு, அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ் போன்று குடியுரிமையை நிறுவும் ஆவணத்தைக் காட்டியவர்களின் விவரம் மட்டும் பிரிக்கப்பட்டுத் தேர்தல் துறைக்குப் போகும். பிறகு வீட்டுக்கு ஓர் அட்டை வரும். ஓரிகனில் அந்த அட்டைக்குப் பதில் அனுப்ப 21 நாள் அவகாசம் உண்டு: விலகலாம், ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம், ஒன்றும் செய்யாமல் இருந்தால் எந்தக் கட்சியையும் சாராத வாக்காளராகப் பதிவாவீர்கள். அலாஸ்கா டிஎம்வியைக்கூட நம்பவில்லை; அந்த மாநிலத்தில் வசிப்போருக்கு ஆண்டுதோறும் எண்ணெய் வருவாய் நிதியிலிருந்து வழங்கப்படும் பங்குத்தொகைக்கான விண்ணப்பத்தோடு பதிவை இணைத்துவிட்டது.

இன்னும் குடியுரிமை பெறாத குடிவரவாளர்களுக்கு இரண்டாம் வகையே பாதுகாப்பானது என்பது என் கருத்து. நிரந்தரக் குடியிருப்பு அட்டையான கிரீன் கார்டைக் காட்டியவரின் விவரம் பிரித்தெடுக்கும் இடத்திலேயே ஒதுக்கப்பட்டுவிடுவதால், அவர் தவறாகப் பதில் சொல்ல வாய்ப்பே எழுவதில்லை. முதல் வகையில், பின்னால் நிற்கும் நாற்பது பேரின் பொறுமையின்மைக்கு நடுவே, புரியாத ஆங்கிலத்தில் விரையும் ஒரு கேள்விக்கு அவர் சரியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், அல்லது கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். நான் என்ன சொல்ல வேண்டும்?

'நான் குடிமகன் அல்ல' என்று சொல்ல வேண்டும். பதிவை மறுக்க வேண்டும். விசா எதுவாக இருந்தாலும், கிரீன் கார்டு வாங்கி இருபது ஆண்டு ஆகியிருந்தாலும் பதில் இதுதான். நிரந்தரக் குடியிருப்பாளர் என்பதும் குடிமகன் என்பதும் ஒன்றல்ல. வரி கட்டுவதாலும் சொந்த வீடு இருப்பதாலும் வாக்குரிமை வந்துவிடாது.

தவறினால் விளைவு கடுமையானது. 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத் திருத்தத்தின்படி, குடிமகன் அல்லாத ஒருவர் சட்டப்படியான ஏதேனும் பயனுக்காகத் தம்மைக் குடிமகன் என்று பொய்யாகக் கூறிக்கொண்டால், அவர் நாட்டில் நுழையவும் நிலைத்திருக்கவும் தகுதியற்றவராகக் கருதப்படலாம்; இதற்கு விலக்குப் பெறுவது மிக அரிது. கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது தனியே ஒரு குற்றம். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா, வாக்களித்திருக்கிறீர்களா, உங்களைக் குடிமகன் என்று கூறிக்கொண்டிருக்கிறீர்களா என்று வெளிப்படையாகவே கேட்கிறார்கள். பத்தாண்டுக்கு முன் யோசிக்காமல் தட்டிய 'ஆம்' அந்த நாளில் மேசைக்கு வரும்.

எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஓர் அம்மாவுக்கும் அவருடைய பதினேழு வயது மகனுக்கும் துணையாக ஒருமுறை உரிம அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு ஹெச்-4 விசா, அதாவது ஹெச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்குத் தரும் விசா. விசா நீட்டிப்புத் தாள் வந்த பிறகே உரிமத்தை நீட்டித்துத் தருவார்கள் என்பதால் அந்தத் தாளை நெகிழி உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி வந்திருந்தார். கையொப்பத் திரையில் வரிசையாகக் கேள்விகள் வந்தன. உறுப்பு தானத்துக்குச் சம்மதமா என்றதற்கு 'ஆம்' என்று தட்டினார். அது நல்ல காரியம். அடுத்த கேள்விக்கும் அதே வேகத்தில் விரல் போயிற்று. பக்கத்தில் நின்ற பையன் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, அது உங்களுக்கு இல்லம்மா, எனக்கு" என்றான். அவன் இந்த நாட்டில் பிறந்தவன். அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு அன்றைக்கு அது எத்தனையாவது கையொப்பமோ. அதன் பிறகு, உரிமம் எடுக்கப் போகும் எவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: திரையில் உள்ளதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், புரியவில்லையென்றால் அலுவலரை நிறுத்திக் கேளுங்கள், பின்னால் நிற்பவர் காத்திருப்பார். கையெழுத்துக்குப் பிறகு தரும் தாளில் வாக்காளர் பதிவு பற்றி என்ன அச்சாகியிருக்கிறது என்பதையும் பார்த்து, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான் குடிமகன் அல்ல. ஆனால் எனக்கு வாக்காளர் அட்டை வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலாவதாக, வாக்களிக்காதீர்கள். தபால் வாக்குச் சீட்டு வீட்டுக்கே வந்தாலும் தொடாதீர்கள். பதிவாகிப்போனது ஒரு சிக்கல் என்றால், வாக்களிப்பது அதைவிடப் பன்மடங்கு பெரிய சிக்கல். இரண்டாவதாக, வந்த உறையையும் அட்டையையும் உரிம விண்ணப்பத்தின் நகலையும் எறியாமல் வையுங்கள். நீங்கள் 'இல்லை' என்று சொன்னதற்கு அல்லது யாரும் கேட்கவே இல்லை என்பதற்கு அவையே சான்று. மூன்றாவதாக, உங்கள் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பதிவை நீக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டுங்கள். எழுதும் சொற்கள் பின்னாளில் உங்கள் கோப்பில் இருக்கும்.

தெரியாமல் நடந்த பதிவுக்காக ஒருவரைக் குற்றவாளியாகக் கருதக்கூடாது என்று கலிபோர்னியாவின் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. தகுதியற்றவர் வேண்டுமென்றே செய்யாமல் பதிவாகியிருந்தால், அது அரசு அலுவலரின் அனுமதியோடு நடந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மாநிலச் சட்டம்; குடிவரவு முடிவுகளை எடுப்பது கூட்டாட்சி அரசு.

இப்படிப்பட்ட தவறுகள் உண்மையிலேயே நடந்திருக்கின்றனவா, அல்லது பயமுறுத்தலா?

நடந்திருக்கின்றன. எண்ணிக்கை சிறியது, ஆனால் காரணங்கள் கவனிக்கத்தக்கவை.

கலிபோர்னியா 2018 ஏப்ரலில் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 23,000 பதிவுகளில் பிழை இருப்பதாக டிஎம்வி ஒப்புக்கொண்டது: ஒருவரின் தெரிவு இன்னொருவர் பதிவில் கலந்திருந்தது, கேட்காத கட்சி மாற்றங்கள் ஏறியிருந்தன. அடுத்த மாதமே, தகுதியற்ற ஏறத்தாழ 1,500 பேர் பதிவாகிவிட்டதாகவும் அவர்களில் குடிமக்கள் அல்லாதவர்களும் உண்டு என்றும் வேறோர் அறிவிப்பு வந்தது. இல்லினாயில் 2020 ஜனவரியில் வெளியான செய்தி இன்னும் வருத்தமானது. 'நான் குடிமகன் அல்ல' என்று தாங்களே நேர்மையாகக் குறித்த 574 பேரின் விவரத்தை, மென்பொருள் பிழையால் கணினி தேர்தல் துறைக்கு அனுப்பிவிட்டது.

பாதுகாப்பானது என்று நான் மேலே சொன்ன ஓரிகன் முறையும் தப்பவில்லை. 2024 செப்டம்பரில், குடியுரிமைச் சான்று காட்டாத 1,200க்கும் மேற்பட்டோர் பதிவாகியிருந்தது தெரியவந்தது. பின்னர் எண்ணிக்கை இன்னும் கூடியது. அங்கே தவறியது விண்ணப்பதாரர் அல்லர். வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டியவரை, கணினியில் அமெரிக்கக் கடவுச்சீட்டு காட்டியவராகக் குறித்துவிட்டார்கள். பட்டியலில் ஒரு வரி மேலோ கீழோ தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. ஆளுநர் டினா கோடெக் தானியங்கிப் பதிவை நிறுத்தி வைத்துத் தணிக்கைக்கு உத்தரவிட்டார். அந்தப் பட்டியலில் வாக்களித்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆகவே, தேர்தல் முடிவை மாற்றிய மோசடி என்று இதைப் பேசுவது மிகை. மறுபுறம், தவறாகப் பட்டியலில் ஏறிய ஒரு கிரீன் கார்டுக்காரரின் வீட்டுக் கவலையை எண்ணிக்கையைக் காட்டி அடக்கிவிடவும் முடியாது.

நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டேன். இனி தானாகவே பதிவாகிவிடுமா?

ஆகாது. நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. உறுதிமொழி விழாவில் கையில் தரும் சான்றிதழ் பற்றி டிஎம்விக்குத் தானாகத் தகவல் போய் உங்கள் பதிவு மாறிவிடுவதில்லை. அங்கே உங்கள் கோப்பில் இருப்பது ஐந்தாறு ஆண்டுக்கு முன் காட்டிய கிரீன் கார்டுதான். ஆவணத்தை வைத்துப் பிரிக்கும் மாநிலங்களில், அந்தப் பழைய கிரீன் கார்டே உங்களை ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கும். உரிமம் புதுப்பிக்க இன்னும் நான்கு ஆண்டு இருந்தால், அந்த நான்கு ஆண்டும் 'தானியங்கி' உங்களைத் திரும்பிப் பார்க்காது. பழைய பதிவை நம்பி உங்களைக் குடிமகன் அல்லாதவர் என்று ஐயப்படவும் வாய்ப்பு உண்டு.

ஆகையால் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் குடியுரிமை நிலையைத் திருத்துங்கள். பிறகு புதிய கடவுச்சீட்டோடு டிஎம்விக்குப் போய் ஆவணத்தைப் புதுப்பியுங்கள். வாக்காளர் பதிவுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை; மாநிலத்தின் இணையதளத்திலோ தபாலிலோ நேரடியாக விண்ணப்பிக்கலாம். சில உறுதிமொழி விழாக்களில் தேர்தல் அலுவலர்களே படிவத்தோடு வாசலில் நிற்பார்கள். கிடைத்தால் அங்கேயே முடித்துவிடுங்கள். இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுவதால் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயரை நீக்கிக்கொள்வதும் உங்கள் கடமை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இந்தியாவில் வாக்குரிமை தராது. இன்னும் இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருப்பவர்கள், படிவம் 6ஏ மூலம் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்து, ஊருக்குப் போய் நேரில் வாக்களிக்கலாம்.

எங்கள் பிள்ளை இங்கே பிறந்தவன். அவனுக்கு எப்போது?

பதினெட்டு வயது நிறைந்ததும் வாக்களிக்கலாம். பல மாநிலங்களில் அதற்கு முன்பே பெயரைப் பதிந்து வைக்கலாம். கலிபோர்னியாவில் பதினாறு வயதிலேயே, நியூ ஜெர்சியில் பதினேழில். கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இந்தியக் குடும்பங்களில், வீட்டின் முதல் வாக்காளர் பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான். அவன் முதல் உரிமம் எடுக்கும் நாளும் பதிவாகும் நாளும் ஒன்றாக அமைவது இந்த ஏற்பாட்டின் அழகான பக்கம். ஆனால் கல்லூரிக்காக வேறு மாநிலம் போனால், எங்கே வாக்களிப்பது என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் வாக்களிக்க முடியாது.

என் பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. பதிவுக்கு இடைஞ்சலா?

இடைஞ்சலாகலாம். தலைப்பெழுத்தும் அப்பா பெயருமாக வாழும் நமக்கு 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் என்றுமே தலைவலி. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் வெறுமையாக இருந்ததால், விசாவில் இருந்த ஒரே பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எஃப்என்யு' அச்சாகி, அதுவே உரிமத்திலும் ஏறிப்போனவர்கள் எத்தனையோ பேர். தானியங்கிப் பதிவு டிஎம்வியில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அங்கே இருக்கும் பிழை வாக்காளர் பட்டியலுக்கும் போகும்.

2002ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, புதிதாகப் பதிபவரின் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ அரசுத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஜார்ஜியாவில் ஒரு கோடு, ஓர் இடைவெளி மாறியிருந்தாலும் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கும் கறாரான ஒப்பீட்டு விதி இருந்தது. 2018 தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 53,000 விண்ணப்பங்கள் அவ்வாறு தேங்கிக் கிடந்தது பெரும் சர்ச்சையாயிற்று. குடியுரிமை பெறும்போதே பெயரை முறைப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தருகிறார்கள். மாற்றிக்கொண்டால் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகம், அடுத்து டிஎம்வி, அதன் பின் வாக்காளர் பதிவு என்ற வரிசையில் திருத்துங்கள். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருப்பி அனுப்புவார்கள்.

அபார்ட்மென்ட் மாறினோம். மறுபடி பதிவு செய்ய வேண்டுமா?

அதே மாநிலத்துக்குள் என்றால், டிஎம்வியில் முகவரியை மாற்றும்போது வாக்காளர் முகவரியும் மாறிவிடும். வேண்டாம் என்று சொன்னால்தான் மாறாது. இது 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. வேறு மாநிலத்துக்குப் போனால் அங்கே புதிய உரிமம், புதிய பதிவு. முகவரியைச் சொல்லாமலே இருந்துவிடுவதுதான் ஆபத்து: தேர்தல் அலுவலகம் அனுப்பும் உறுதிப்படுத்தும் அட்டைக்குப் பதில் வராமல், அடுத்து வரும் இரண்டு கூட்டாட்சிப் பொதுத் தேர்தல்களிலும் நீங்கள் வாக்களிக்காமலும் இருந்தால், பெயரை நீக்கச் சட்டம் இடம் தருகிறது.

கட்சி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பரவாயில்லையா?

நவம்பர் பொதுத் தேர்தலுக்குப் பரவாயில்லை, யாருக்கும் வாக்களிக்கலாம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில்தான் வேறுபாடு. ஓரிகன், நியூயார்க், பென்சில்வேனியா ஆகியவற்றில் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம். நியூ ஜெர்சியில் கட்சி சாராதவர் அன்றைக்கே வாக்குச்சாவடியில் கட்சியைத் தெரிவித்து வாக்களிக்கலாம். தானியங்கியாகப் பதிவானவர்களில் பலர் கட்சி சாராதவர்களாகவே நின்றுவிடுகிறார்கள் என்பதை அட்டை வரும்போது நினைவில் கொள்ளுங்கள்.

நான் குடிமகன்தான், ஆனால் பதிவு வேண்டாம். ஜூரி பணிக்கு அழைத்துவிடுவார்களே?

மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. ஜூரிக்குப் பயந்து மறுப்பதில் மட்டும் பயனில்லை: பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் ஜூரிக்கு ஆள் எடுக்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி முகவரியை மறைத்து வாழ்பவர்கள் பதிவதற்கு முன் தங்கள் மாநிலத்தின் முகவரிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர வேண்டும். வாக்காளர் பட்டியல் அரசியல் கட்சிகளின் கைக்குப் போகும் ஆவணம்.

இதனால் எந்தக் கட்சிக்கு லாபம்? உண்மையில் பயன் இருக்கிறதா?

பதிவு கூடுகிறது என்பதில் ஐயமில்லை. பிரென்னன் மையம் என்ற சட்ட ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பார்த்த இடங்களில் எல்லாம் பதிவு உயர்ந்ததாகவும், உயர்வு 9 முதல் 94 சதவீதம் வரை இருந்ததாகவும் கணித்தது. ஆனால் பதிவு வேறு, வாக்களிப்பு வேறு. ஓரிகனில் 2016 தேர்தலுக்குள் 2,25,000 பேருக்கு மேல் இம்முறையில் பதிவானார்கள். அவர்களில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், அதாவது பாதிக்கும் குறைவு. ஒன்றும் செய்யாமலே பெயர் ஏறியவர்களில் பலர் வாக்கு நாளிலும் ஒன்றும் செய்யாமலே இருந்துவிடுகிறார்கள். இருந்தும், அந்த ஒரு லட்சத்தில் பலர் படிவம் தேடிப் போய்ப் பதிந்திருக்க மாட்டார்கள் என்பதால், இந்த முறை தோற்றது என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கட்சிக் கணக்கு நினைப்பதுபோல் நேர்கோட்டில் இல்லை. நியூ ஜெர்சியில் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தடுத்து நிறுத்தியதை, 2018இல் ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி சட்டமாக்கினார். ஆனால் இல்லினாயில் 2016இல் மறுத்த குடியரசுக் கட்சி ஆளுநர் புரூஸ் ரௌனரே, மறு ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில் கையெழுத்திட்டார். குடியரசுக் கட்சி ஆண்ட ஜார்ஜியா 2016இல் ஆரவாரமே இல்லாமல் தொடங்கியது. அதே ஜார்ஜியாவில் 2021இல் உரிம இணையதளத்தை மாற்றி வடிவமைத்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதை மக்களே தேர்ந்தெடுக்கும்படி விட்டபோது பதிவு மளமளவென்று சரிந்தது. திரையில் ஒரு சிறு மாற்றம்தான். முன்கூட்டியே எது தேர்வாகி நிற்கிறது என்பதற்கு அவ்வளவு வலிமை. பிறகு பழைய முறைக்குத் திருப்பினார்கள்.

டல்லாஸில் இருக்கிறோம். டெக்சாஸில் என்ன செய்வது?

டெக்சாஸில் தானியங்கிப் பதிவு கிடையாது. முழுமையான இணையவழிப் பதிவும் கிடையாது. படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கவுன்டிக்குச் சேர்ப்பிக்க வேண்டும், அல்லது கவுன்டி அங்கீகரித்த தன்னார்வப் பதிவாளரிடம் கொடுக்கலாம். உரிமத்தை இணையத்தில் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது: நேரில் வருபவருக்குத் தரும் பதிவு வசதியை இணையத்தில் வருபவருக்கு மறுப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரண் என்று 2020இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், புதுப்பிக்கும்போதே பதிந்துகொள்ளலாம். கெடு தேர்தலுக்கு 30 நாள் முன்பு; தேர்தல் நாளன்றே பதிவு என்பது அங்கே இல்லை.

டொரொன்டோவில் இருக்கும் உறவினர்கள் வரிப் படிவத்தில் ஏதோ கட்டம் இருக்கிறது என்கிறார்களே?

அது கனடாவின் வழி. அங்கே 1997 முதல் நிலையான தேசிய வாக்காளர் பதிவேடு உள்ளது. வருமான வரிப் படிவத்தில் கனடியக் குடிமகனா என்றும், விவரத்தைத் தேர்தல் துறைக்குத் தரச் சம்மதமா என்றும் இரண்டு கேள்விகள் இருக்கும். ஓட்டுநர் உரிமத் தரவும் அந்தப் பதிவேட்டுக்குப் போகிறது. ஆண்டுதோறும் கிராம அலுவலர் வீடு வீடாக வந்து பெயர் எழுதிப் போன இலங்கையிலிருந்து சென்றவர்களுக்கு, அரசே வந்து பெயரைச் சேர்ப்பது புதிய அனுபவமாக இருந்திராது. குடிமகன் அல்லாதவர் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று குறிக்க வேண்டும் என்ற விதி அங்கும் மாறாது.

என் பெயர் ஏறிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, அஞ்சல் எண் கொடுத்துப் பார்க்கலாம். உரிமம் எடுத்து ஒரு மாதம் கழித்து ஒருமுறையும், தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மறுமுறையும் பாருங்கள். பெயர் எழுத்துக்கூட்டல், முகவரி, கட்சி ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பு, பென்சில்வேனியாவில் 15 நாள் முன்பு. கலிபோர்னியா, கொலராடோ, மிச்சிகன், இல்லினாய் போன்றவற்றில் கெடு தவறினாலும் தேர்தல் நாளன்றே உரிய இடத்துக்குப் போய்ப் பதிந்து வாக்களிக்க வழியுண்டு. குடிமகன் அல்லாதவர்களும் இதே பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். 'பதிவு எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து, தேதியோடு குடிவரவுக் கோப்பில் வையுங்கள்.